பரங்கிக் கொடியில் மஞ்சள் நரம்பு: பிடுங்குவதா, காப்பதா?

ஆடிப்பட்டத்தில் குழி எடுத்து, தொழு உரம் இட்டு, விதை ஊன்றி, முளைத்த கன்றுகளுக்குக் குடத்தால் நீர் வார்த்து வளர்த்த பரங்கிக் கொடி அது. இருபத்தைந்தாம் நாள் காலையில் பார்த்தால் நுனியிலிருந்து மூன்றாவது இலையில் நரம்புகள் மட்டும் எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று தெரிகின்றன. அடுத்த இலை சற்றுச் சிறுத்திருக்கிறது. கொடி மற்றபடி திடமாகவே இருக்கிறது. கோமுகி அணைப் பாசனத்திலும், கச்சிராயபாளையம், சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களிலும் பரங்கி போடும் விவசாயி இப்படி ஒரு காலையை ஏதாவது ஒரு பட்டத்தில் சந்திக்காமல் இருப்பது அரிது. அன்று அவர் எடுக்கும் முடிவில்தான் அந்தத் தோட்டத்தின் மகசூல் இருக்கிறது.

பெரும்பாலோர் எடுக்கும் முடிவு, கடைக்குப் போய் ஒரு மருந்து வாங்கி அடிப்பதுதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்பவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டத்தில் முடியும். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அதற்கு முன் பயிரைப் பற்றிச் சில வார்த்தைகள்.

தெற்குச் சீமையில் பூசணி, சர்க்கரைப் பூசணி, மஞ்சள் பூசணி என்று சொல்லப்படுவதைத்தான் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பரங்கி என்கிறார்கள். இங்கே பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி, அதாவது கல்யாணப் பூசணி. இந்தக் கட்டுரை பரங்கியைப் பற்றியது என்றாலும், கீழே சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் வெள்ளைப் பூசணிக்கும் பொருந்தும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.1 இரகம் 7 முதல் 8 கிலோ எடையுள்ள காய் தருவது. வயது 175 நாட்கள். கோ.2 சிறிய காய். ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும், 135 நாட்களில் முடிந்துவிடும். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன், அர்கா சூர்யமுகி இரகங்களும் நம் பகுதிக்கு ஏற்றவை. பொங்கல் சந்தையைக் கருதிப் போடுகிறவர் பெரிய காயையே விரும்புகிறார். பொங்கல் குழம்புக்குப் பத்தை போட்டு விற்கவும், எடை போட்டு அனுப்பவும் பெரிய காய் வசதி. கோ.1 இரகத்தைப் பொங்கலுக்கு அறுக்க வேண்டுமானால் ஆடி மாதத்திலேயே விதைத்தாக வேண்டும். அப்படியானால் தென்மேற்குப் பருவ மழை, வடகிழக்குப் பருவ மழை இரண்டையும் கொடி தாண்டி வர வேண்டும். நீண்ட காலம் நிலத்தில் நிற்கும் பயிருக்கு நோயும் நீண்ட காலம் காத்திருக்கிறது.

நோயல்லாத நோய்கள்

மருந்துச் செலவில் ஒரு பங்கு, இல்லாத நோய்க்காகச் செய்யப்படுவது. பரங்கியில் இது மிக அதிகம்.

பரங்கி இலையில் நரம்புகள் கூடும் இடங்களில் வெள்ளி பூசினாற்போல வெண்திட்டுகள் காணப்படும். பல நாட்டு இரகங்களில் இது இயற்கையான நிறம். இதைச் சாம்பல் நோய் என்று எண்ணி மருந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமில்லாத விரலால் அந்தத் திட்டைத் தேய்த்துப் பார்த்தால் போதும். விரலில் மாவு ஒட்டினால் சாம்பல் நோய். ஒட்டாவிட்டால் அது இலையின் அழகு, விட்டுவிடலாம்.

உச்சி வெயிலில் பெரிய இலைகள் குடை மடங்கினாற்போலத் தொங்குவதும் நோயல்ல. அகன்ற இலை நீரை ஆவியாக விடும் வேகத்துக்கு வேர் ஈடு கொடுக்க முடிவதில்லை. மாலை ஐந்து மணிக்கு இலை நிமிர்ந்துவிட்டால் தண்ணீர்கூடக் கட்ட வேண்டியதில்லை. மறுநாள் விடியற்காலையிலும் நிமிராமல் தொங்கினால்தான் வாடல் நோயையோ வேர்ப் புழுவையோ சந்தேகிக்க வேண்டும்.

அடியிலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் அது மக்னீசியம் பற்றாக்குறையாக இருக்கலாம். நுனி இலைகளில் இப்படி இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. தேமல் நோயில் இதற்கு நேர்மாறு. அங்கே நரம்புதான் மஞ்சள், இடைப்பகுதி பச்சை. நரம்பு மஞ்சளா, நரம்பிடை மஞ்சளா என்ற இந்த ஒரு கேள்வியை நிலத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டால் நுண்ணூட்டத்தால் தீரும் குறைக்குக் கொடியைப் பிடுங்கவும் வேண்டாம், தேமலுக்கு நுண்ணூட்டம் தெளித்து ஏமாறவும் வேண்டாம்.

மஞ்சள் நரம்புத் தேமல்

இனி அந்த இருபத்தைந்தாம் நாள் கொடிக்கு வருவோம். அதில் வந்திருப்பது நச்சுயிரி, அதாவது வைரஸ் நோய். பூஞ்சாணம் இலையின் மேலும் திசுக்களின் இடையிலும் வளர்வது. மருந்து அதைத் தொட முடியும். நச்சுயிரி செடியின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து, அந்த உயிரணுவைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்வது. நச்சுயிரியைக் கொன்று செடியைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. பாட்டிலில் எப்படிப் பெயர் ஒட்டியிருந்தாலும் இல்லை.

பரங்கியில் இருவகைத் தேமல்கள் முக்கியமானவை. ஒன்று வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல். நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி, இலை சிறுத்து, கொடி குட்டையாகி, பூக்கள் உதிரும். மற்றது அசுவினி பரப்பும் தேமல். இதில் இலையில் கரும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, கொப்புளம்போல மேடு தட்டும். இலை சில நேரம் நார்போல் ஒடுங்கும். காயில் மருக்கள் கிளம்பும். வெள்ளை ஈ சில நிமிடங்களாவது உட்கார்ந்து உறிஞ்சினால்தான் நச்சுயிரியை ஏற்றுக்கொள்ள முடியும். ஏற்றுக்கொண்டால் பல நாட்கள் அதைச் சுமந்து திரியும். அசுவினிக்குச் சில வினாடிகளே போதும். ஒரு கொடியில் குத்தி, பறந்து, அடுத்த கொடியில் குத்தினால் நோய் ஏறிவிடும். பூச்சிமருந்து பட்ட இலையில் உட்காரும் அசுவினி சாகத்தான் செய்கிறது, ஆனால் சாவதற்குள் குத்திவிடுகிறது. அடிக்கு மேல் அடி மருந்து அடித்தும் தேமல் நிற்கவில்லை என்ற குறையின் காரணம் இதுவே.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கள்ளக்குறிச்சி மாவட்டம் மரவள்ளி விளையும் மாவட்டம். மரவள்ளித் தேமலும் வெள்ளை ஈயால் பரவுவதுதான். ஆகவே பக்கத்து மரவள்ளித் தோட்டத்திலிருந்து பரங்கிக்குத் தேமல் வந்துவிட்டது என்று வரப்புச் சண்டை வருவது உண்டு. இரண்டும் வேறு வேறு நச்சுயிரிகள். மரவள்ளித் தேமல் பெரும்பாலும் நோயுள்ள கரணையை நட்டதால் வருகிறது. பக்கத்துக் காட்டைக் குறை சொல்வதற்கு முன் பரங்கிக்காரர் தம் வேலியைப் பார்க்க வேண்டும். வேலியில் படர்ந்திருக்கும் கோவைக்கொடியும், பட்டம் முடிந்தும் பிடுங்காமல் விட்ட பழைய சுரை, பீர்க்கன், பாகல் கொடிகளும், தானாக முளைத்த பரங்கியும்தான் நோய் தங்கும் சத்திரங்கள்.

இந்தக் குடும்பத்து நச்சுயிரிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதுதில்லி இலைச்சுருள் நச்சுயிரி என்று பெயரிட்டு இந்தியாவில் தக்காளியில் கண்டறியப்பட்ட ஒன்று, பிற்பாடு பூசணிக் குடும்பப் பயிர்களையும் பிடித்தது. 2012-ல் அது ஸ்பெயின் நாட்டுச் சுரைக்காய்ப் பூசணித் தோட்டங்களில் தோன்றிப் பெரும் சேதம் விளைவித்தது. நவீன வலைக் கூடாரங்களும் கருவிகளும் உள்ள நாடு அது. அங்கும் கடைசியில் செய்தது நோயுள்ள செடியை அகற்றுவது, வெள்ளை ஈயைத் தடுப்பது, எதிர்ப்புத் திறன் உள்ள இரகத்தைத் தேடுவது ஆகியவைதான்.

ஆயிரம் குழிக் கணக்கு

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் குழிகள். குழிக்கு இரண்டு கன்றுகள் என்றால் இரண்டாயிரம் கொடிகள். இருபத்தைந்தாம் நாளில் ஐம்பது கொடிகளில் மஞ்சள் நரம்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை அன்றே பிடுங்கினால் போவது நூற்றுக்கு இரண்டரை. அவை ஏறக்குறைய எல்லாமே ஒரு குழியில் உள்ள இரண்டு கன்றுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். எஞ்சிய கன்று அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஆக, உண்மையில் இழப்பு இரண்டரையும் இல்லை.

பிடுங்காமல் விட்டால்? முதல் மாதத்தில் நோய் கண்ட கொடி விற்கத் தகுந்த காய் தருவது அரிது. பூ பூக்கும், பிஞ்சு பிடிக்கும், உதிரும். ஒன்றிரண்டு நின்றாலும் கோணலாகவும் சிறுத்தும் இருக்கும். நாம் நீரும் உரமும் கொடுத்து வளர்ப்பது ஒரு கொடியை அன்று, வெள்ளை ஈக்களுக்கு ஒரு நோய்ப் பண்ணையை. ஐம்பது கொடிகள் ஐந்நூறு ஆவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் போதும். அதனால்தான், 'ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம்' என்ற முடிவு மற்ற எல்லா முடிவுகளிலும் அதிக விலையுள்ளது.

தன் கையால் வளர்த்த கொடியைப் பிடுங்க மனம் வராதுதான். கொடி வாடியிருந்தாலாவது கை எழும். பச்சையாக நிற்கும் கொடியைப் பிடுங்குவது, அதுவும் காய் காணாத நேரத்தில், எளிதன்று. ஆகவே வீட்டில் இருவராகச் செல்வது நல்லது என்று அனுபவஸ்தர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் பிடுங்கலாம்.

பிடுங்கும் முறையும் முக்கியம். வெள்ளை ஈ சுறுசுறுப்படையாத அதிகாலையில் செய்ய வேண்டும். கொடியைப் பிடுங்கி வரப்பில் எறியக் கூடாது. அது வாட வாட, அதிலுள்ள ஈக்கள் நல்ல கொடிகளுக்கே இடம் மாறும். பிடுங்கியவுடன் சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, வெளியே எடுத்துச் சென்று குழியில் புதைக்க வேண்டும். முளைத்த பத்தாம் நாளிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் வரை வாரம் இருமுறை இப்படித் தோட்டத்தைச் சுற்றி வருவது அவசியம்.

இந்தக் கண்டிப்பு எப்போதும் வேண்டியதில்லை. அறுபது எழுபது நாட்களுக்குப் பின், காய் பிடித்துப் பருத்து வரும் கொடியில் தேமல் தோன்றினால் பிடுங்க வேண்டாம். பிடித்த காய் சற்று எடை குறைந்தாலும் முற்றிவிடும். அந்தக் கொடியில் புதிதாகப் பிடிக்கும் பிஞ்சுகளை மட்டும் கிள்ளிவிடலாம். ஆனால் பக்கத்தில் அடுத்த பட்டத்துக் கன்றுகள் முளைத்துக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். வயதான கொடியும் இளங்கன்றும் அடுத்தடுத்து இருப்பது தேமலுக்கு நாமே பாலம் கட்டிக்கொடுப்பதாகும்.

விதைக்கும் முன்பே

தேமலைத் தடுக்கும் வேலை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குகிறது. தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக ஊன்ற வேண்டும். மக்காச்சோளம் இந்த மாவட்டத்து விவசாயிக்குப் புதிதல்ல. பரங்கி முளைக்கும்போது அது முழங்காலுக்கு மேல் வளர்ந்து தடுப்பாக நிற்கும். காற்றோடு தாழப் பறந்து வரும் வெள்ளை ஈயும் அசுவினியும் முதலில் அதில் இறங்கும். நச்சுயிரி ஏந்திய அசுவினி மக்காச்சோளத்தில் ஒன்றிரண்டு முறை குத்தியதுமே அதன் வாயிலுள்ள நஞ்சு பெரும்பாலும் கழிந்துவிடும். செலவில்லாத காவல் இது. கூடுதலாகக் கதிரும் தட்டையும் கிடைக்கும்.

வெண்டை, கத்தரி, பருத்தி ஆகியவற்றை ஒட்டிப் பரங்கி போடாமல் இருப்பது நல்லது. மூன்றும் வெள்ளை ஈக்கு விருந்து. மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கொடியின் உயரத்துக்குச் சற்று மேலே கட்டினால் ஈயின் வரவு முன்கூட்டியே தெரியும். ஈ தென்பட்டதும் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம், அல்லது லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். மேலாகத் தெளித்துச் செல்வது கூலிக்குக் கேடு. ஈ இருப்பது அடிப்புறத்தில்.

விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து ஊன்றுவது நாற்றழுகலையும் வாடலையும் குறைக்கும். முளைத்த விதையிலைகளைச் செந்நிற வண்டு சல்லடையாக்கும். அதிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுவதும், இலைமேல் சாம்பல் தூவுவதும் சிறு தோட்டங்களுக்குப் போதுமானவை.

எடை ஆசையும் யூரியாவும்

உலகில் மிகப் பெரிய பரங்கி எது என்று கேட்டால் விடை வியப்பாக இருக்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டையரான இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் ஆகியோர் 2025 அக்டோபரில் எடை போட்ட காய் 1,278 கிலோவுக்கு மேல் இருந்தது. இந்தப் போட்டிக்காரர்கள் எல்லாரும் விதைப்பது ஒரே வழிவந்த விதை. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் ஹோவர்டு டில் என்ற விவசாயி தேர்ந்தெடுத்து உருவாக்கிய அட்லாண்டிக் ஜயண்ட் அது. 1981-ல் அவர் எடை போட்ட காய் 493.5 பவுண்டு, அதாவது சுமார் 224 கிலோ. அன்று அதுவே உலக சாதனை.

இந்த விதை இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. வாங்கிப் போட்டு ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். அது குளிர்ந்த இரவும் நீண்ட கோடைப் பகலும் உள்ள நாடுகளுக்கு உரிய இனம். நாம் விளைவிக்கும் நாட்டுப் பரங்கியோ வேறு இனம், வெப்பத்தைத் தாங்குவது. ஒரு வேடிக்கை, ஏறத்தாழ ஒரு கிலோவே எடையுள்ள அர்கா சூர்யமுகி அந்த ராட்சதக் காயின் இனத்தைச் சேர்ந்ததுதான்.

விதையை விட்டுவிட்டு அவர்களுடைய முறையில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, கொடிக்கு ஒரு காயே விடுகிறார்கள். நமக்கு ஒன்று கட்டாது, ஆனால் கோ.1 இரகத்தில் கொடிக்கு இரண்டு மூன்று காய்களை நிறுத்தி, கோணலானதையும் வண்டு கடித்ததையும் கிள்ளிவிட்டால் எஞ்சியவை பருக்கும். மற்றொன்று, கொடி ஓடும்போது கணுக்களின் மேல் மண் அணைக்கிறார்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். அடித்தண்டு அழுகினாலோ வேரைப் புழு தின்றாலோ கொடி இந்த இடைவேர்களைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். கூலி குறைவு, பலன் அதிகம்.

ஆனால் பெரிய காய் வேண்டும் என்ற ஆசையில் நம்மவர் முதலில் எடுப்பது யூரியா மூட்டையை. இதுதான் தோட்டத்தை நோய்க்குத் திறந்துவிடும் செயல். பரிந்துரை என்னவென்றால், குழிக்குப் பத்து கிலோ தொழு உரமும் 6:12:12 கலப்பு உரம் 100 கிராமும் அடியுரம். விதைத்த முப்பதாம் நாள் குழிக்குப் பத்து கிராம் தழைச்சத்து மேலுரம். பத்து கிராம் தழைச்சத்துக்கு யூரியா சுமார் 22 கிராம் போதும். ஒரு கைப்பிடி யூரியா இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. அவ்வளவும் இலையாகத்தான் போகும். சாறு நிறைந்த மெல்லிய இலைக்கு வெள்ளை ஈயும் அசுவினியும் தேடி வரும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, அடியில் ஈரம் காயாமல் பூஞ்சாணம் பிடிக்கும். பெண் பூவும் தாமதமாகும். மூன்று கேடும் ஒரே பிடியில் வருகின்றன.

பூ உதிர்வது யாருடைய குற்றம்?

பெண் பூவுக்கு அடியில் சிறு பிஞ்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறுங்காம்பு. தொடக்கத்தில் ஆண் பூக்களே மிகுதியாக வரும். இரண்டு இலைப் பருவத்தில், அதாவது விதைத்த 10 முதல் 15 நாட்களில் தொடங்கி, வாரம் ஒருமுறையாக நான்கு முறை, 10 லிட்டர் நீருக்கு 2.5 மி.லி. எத்ரல் கலந்து தெளித்தால் பெண் பூக்கள் கூடும்.

பெண் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறும்போது மூடிவிடும். ஒரே ஒரு காலை. அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி, சுருங்கி, உதிர்ந்துவிடும். இதைப் பிஞ்சழுகல் நோய் என்று எண்ணிக் காலையிலேயே பூச்சிமருந்து அடிப்பவர் எஞ்சியிருக்கும் தேனீயையும் கொல்கிறார். மறுநாள் இன்னும் பிஞ்சு உதிர்கிறது. இன்னும் மருந்து. இந்தச் சுற்றில் சிக்கியவர்கள் நிறைய. பூக்கும் பருவத்தில் எதைத் தெளித்தாலும் பூ மூடிய பிறகு, மாலையில்தான் தெளிக்க வேண்டும். தேனீ குறைவான இடங்களில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவலாம்.

மார்கழியில் வாசல் கோலத்துக்குச் சாணத்தில் பரங்கிப் பூ செருகுவது வழக்கம். வீட்டுப் பெண்கள் வெறுங்காம்புப் பூவைத்தான் பறிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பறிக்க வரும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மழை நாட்களில்

ஐப்பசி, கார்த்திகையில் காய் பருக்கும்போது மூன்று தொல்லைகள் ஒன்றாக வரும்.

இலை மேற்புறத்தில் நரம்புகளால் வரம்பு கட்டினாற்போலக் கோணலான மஞ்சள் புள்ளிகளும், அதே இடத்தில் அடிப்புறம் சாம்பல் ஊதாப் பூசணமும் தெரிந்தால் அடிச்சாம்பல் நோய். மழை விட்டு இலை காய்ந்தவுடன் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம். இலை நனைய மாலையில் நீர் தெளிப்பது, கொடிகள் மேல் தூவுகுழாய் ஓட்டுவது இரண்டையும் நிறுத்த வேண்டும்.

ஈர மண்ணில் கிடக்கும் காய் அடியில் அழுகும். காய்க்கு அடியில் வைக்கோல் அல்லது காய்ந்த மக்காச்சோளத் தட்டையைப் பரப்பிவிட வேண்டும். காயைத் திருப்பி வைக்கும்போது காம்பு முறுக்கேறினால் அதுவே அழுகலுக்கு வாயில். ஆகவே சிறிதாக இருக்கும்போதே வைக்கோல் இடுவது மேல்.

மூன்றாவது பழ ஈ. பிஞ்சுத் தோலில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, அதிலிருந்து பிசின் கசிவு. உள்ளே புழு. இதை வரப்பில் எறிவது, மாட்டுக்கொட்டகைக் குப்பையில் போடுவது எல்லாம் அடுத்த தலைமுறைக்கு வழிவிடுவதே. புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. தாக்கிய பிஞ்சுகளைத் தினமும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டுவிட்டால் உள்ளேயே வெந்து சாகும். கொடிகளுக்கு இடையே மண்ணைக் கிளறி விடுவதும் பயன் தரும். ஆண் ஈக்களைக் கவரும் கியூலூர் பொறிகளைப் பூக்கும் முன்பே கட்ட வேண்டும். இந்தத் தொல்லை ஆண்டுதோறும் வரும் தோட்டங்களில் பழ ஈயைத் தாங்கும் அர்கா சூர்யமுகியைச் சிறிது போட்டுப் பார்க்கலாம்.

பழைய கையேடுகளில் கருவாட்டுத் தூளுடன் டைகுளோர்வாஸ் வைக்கும் பொறி சொல்லப்பட்டிருக்கும். அந்த மருந்து 2020 டிசம்பர் 31-க்குப் பின் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்காவது மிச்சம் இருந்தாலும் வாங்க வேண்டாம். பீரோவில் உள்ள பத்தாண்டுக் கையேட்டைப் பார்த்து மருந்து வாங்குபவர்கள், டப்பாவின் மேல் அந்தப் பயிரின் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குவது நல்லது.

மலை மேலே

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. வெள்ளிமலைப் பக்கத்துக் குளிர்ந்த காற்றில் வெள்ளை ஈயின் பெருக்கம் சமவெளி அளவுக்கு இருப்பதில்லை. ஆகவே தேமலின் வேகமும் குறைவு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் இரவில் பனியும் பகலில் வறண்ட வெயிலும் மாறி மாறி வரும்போது சாம்பல் நோய் இலை இலையாக ஏறும். மாவு தெளித்தாற்போன்ற திட்டுகள் முதலில் அடியிலைகளில் தோன்றும். அந்த இலைகளை அன்றே கிள்ளி அகற்றி, லிட்டருக்கு அரை கிராம் கார்பென்டாசிம் தெளிக்கலாம்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாம்பல் நோய் என்றதும் மற்ற பயிர்களுக்குச் செய்வதுபோல் கந்தகத் தூளைத் தூவிவிடுவது வழக்கம். பூசணிக் குடும்பத்துப் பயிர்களுக்குக் கந்தகமும் தாமிரத் தூளும் ஆகாது. வெயிலில் இலை தீய்ந்துவிடும். நோயில் தப்பிய கொடி மருந்தில் போய்விடும்.

மலைச் சரிவில் மானாவாரியாகப் போடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சமவெளியைப்போல் தோட்டத்தை ஒட்டித் தோட்டமாக இல்லாமல், நிலங்கள் விலகி இருக்கின்றன. சமவெளியிலிருந்து கன்று கொண்டுபோய் நடாமல், விதையாகவே ஊன்றினால் அந்த விலகல் நோயிலிருந்து காக்கும். மலையடிவாரத்தில் வாங்கிய நாற்றுத் தட்டுடன் வெள்ளை ஈயும் ஏறிப் போனால் அந்த வசதி அன்றோடு முடிந்தது.

அறுவடையும் அடுத்த விதையும்

காம்பு காய்ந்து தக்கைபோலாகி, தோலில் நகம் இறங்காமல் இருந்தால் காய் முற்றியது. இரண்டு விரற்கடை காம்போடு அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு ஒடிந்த காய் ஒடிந்த இடத்திலிருந்து அழுகும். காற்றோட்டமான இடத்தில் ஒன்றோடொன்று உரசாமல் பரப்பி வைத்தால் நன்கு முற்றிய காய் மாதக்கணக்கில் கெடாது. பொங்கல் கழிந்து விலை சரிந்தாலும் அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டியதில்லை.

விதைக்கு எடுக்கும் காயைத் தோட்டத்தில் கடைசிவரை தேமல் காணாத கொடியில், நடுப்பகுதியில் காய்த்ததாகப் பார்த்து முன்பே சுண்ணாம்புக் குறி இட்டு வைக்க வேண்டும். சந்தைக்கு ஏற்றியது போக மிஞ்சியதில் விதை எடுப்பது சரியல்ல. அறுவடை முடிந்த மறுநாளே பழைய கொடிகளை வேரோடு அகற்றிவிட வேண்டும். தைப்பட்டத்துக் கன்று அதே தோட்டத்தில் முளைப்பதற்குள் குறைந்தது மூன்று வாரமாவது நிலத்தில் பூசணிக் குடும்பத்துப் பச்சை எதுவும் இருக்கக் கூடாது.

எந்த நோய் என்று ஐயம் இருந்தால் ஒரே ஓர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போவதில் பயனில்லை. நுனி, நடு இலை, அடியிலை மூன்றும் உள்ள ஒரு கொடித் துண்டைக் காலையில் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, அன்றே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் போய்ச் சேர்வதற்குள் வெந்து உருத்தெரியாமல் போய்விடும். விதைத்த தேதி, கடைசியாகத் தெளித்த மருந்து, பக்கத்து நிலத்துப் பயிர் ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் பதில் விரைவில் கிடைக்கும்.